காப்பிக் குடியும் தேநீர்க் குடியும்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் விருந்தினரை உபசரிக்கும் முறையில் ஒரு விசித்திரம் உண்டு. வந்தவர் வடநாட்டவராயின், "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று யாரும் கேட்பதில்லை, தேநீர் தானாகவே வந்துவிடும். வந்தவர் தமிழராயின் அப்போதும் கேட்பதில்லை. காப்பி தானாகவே வந்துவிடும். இன்னார்க்கு இன்ன பானம் என்பது பிறவியிலேயே தீர்மானமாகிவிட்டது போல நாம் நடந்துகொள்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் டில்லியில் நம் இல்லத்திற்கு ஓர் இளைஞர் வந்திருந்தார். அலுவலகம் ஒன்றில் புதிதாக வேலை ஏற்றவர். வழக்கம்போல் காப்பி வந்தது. அவர் தயக்கத்துடன், "தேயிலை இருந்தால் போதும், பால்கூட வேண்டாம், வெறும் சாயமாகக் கொடுங்கள்" என்றார். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "ஏன் தம்பி, நீங்கள் தமிழர்தானே?" என்று கேட்டுவிட்டார். கேட்டது வேடிக்கையாகத்தான். ஆயினும் இளைஞரின் முகம் சற்று வாடிற்று. "தமிழர்தான் ஐயா. ஊர் கூடலூர். தாத்தா இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். எங்கள் வீட்டில் காப்பித்தூள் வாங்கிய நினைவே எனக்கு இல்லை" என்றார்.

பெரியவர் பேச்சை வேறு திசையில் திருப்பினார். நமக்கோ அந்தக் கேள்வி நெஞ்சில் தங்கிவிட்டது. தமிழர் என்றால் காப்பி என்று எப்போது எழுதிவைத்தார்கள்? எழுதிவைத்தவர் யார்? வடநாடு தேநீர் நாடு, தென்னாடு காப்பி நாடு என்ற பாகப்பிரிவினை எந்தக் காலத்தில் நடந்தது?

நாம் குடியேறியிருக்கும் டில்லியையே முதலில் எடுத்துக்கொள்வோம். நிஜாமுல் முல்க் ஆசப் ஜாவின் பரிவாரத்துடன் தக்காணத்திலிருந்து வந்து, 1738 முதல் 1741 வரை இந்நகரில் தங்கியிருந்தவர் தர்கா குலி கான். தாம் கண்ட நகரத்தைப் பாரசீக மொழியில் அவர் எழுதிவைத்தார். 'முரக்கா-இ-டில்லி' என்பது அந்நூலின் பெயர். நாதிர்ஷா நகரைச் சூறையாடிய 1739-ஆம் ஆண்டு அந்தக் காலத்தின் நடுவில் வருகிறது. அந்நூலிலே சாந்தினி சவுக்கின் காப்பிக்கடைகள் பேசப்படுகின்றன. கவிஞர்கள் அங்கே கூடுவர், தம் பாடல்களைப் படிப்பர், பாராட்டும் பெறுவர். இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, ஜஹாங்கீரின் அவைக்கு வந்த ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோவுடன் இருந்த பாதிரியார் எட்வர்டு டெர்ரி, மது அருந்தாத சமயப் பற்றுடையோர் கரிய விதை ஒன்றை நீரில் காய்ச்சிப் பருகுவதைக் குறித்திருக்கிறார்.

அப்படியாயின் தேநீர்? 1689-ஆம் ஆண்டில் சூரத்துக்கு வந்த ஜான் ஓவிங்டன் என்ற மற்றொரு பாதிரியார், அவ்வூர் வணிகர்கள் தேநீரை வாசனைச் சரக்குகளுடனும், கற்கண்டு அல்லது எலுமிச்சையுடனும் பருகினர் என்று எழுதியுள்ளார். இன்று டில்லித் தெருவில் இஞ்சியும் ஏலமும் தட்டிப்போட்டுத் தருகிறார்களே, அதற்கு ஒரு பழைய உறவினர் சூரத்தில் இருந்தார் போலும்.

ஆக, டில்லிப் பிரபுக்கள் காப்பி அருந்திக் கவிதை கேட்டனர். சூரத்து வணிகர் தேநீர் அருந்திக் கணக்குப் பார்த்தனர். அந்நாளில் தஞ்சையிலும் மதுரையிலும் இருந்த நம் முன்னோர் என்ன பருகினர்? காலையில் நீராகாரம், வெயிலில் நீர்மோர், திருவிழாவில் பானகம். காப்பிக்கும் அவர்களுக்கும் அறிமுகமே இல்லை.

மொகலாயர் ஆட்சி தளர்ந்து, அந்தக் கடைகளை ஆதரித்த செல்வர் சிதறினர். டில்லியின் காப்பிப் பழக்கமும் மங்கியது. ஆனால் காப்பிச் செடி தெற்கே ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. பாபா புதான் என்னும் சூஃபி அடியார் மக்கப் பயணம் முடித்துத் திரும்புகையில், ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது 17-ஆம் நூற்றாண்டைப் பற்றிய கர்ண பரம்பரைச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சைவ உணவு முடித்து, நெற்றியில் நீறணிந்து, காப்பியே குலதனம் என்று எண்ணும் நம்மவர் பலர், அதைத் தந்தவர் ஒரு முஸ்லிம் பெரியவர் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

தோட்டப் பயிராகக் காப்பி பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். மைசூர்ப் பக்கம், குடகு, வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலை ஆகிய இடங்களில் ஆங்கிலேயர் காடு திருத்திக் காப்பி பயிரிட்டனர். அவர்கள் பயிரிட்டது நமக்காக அன்று, லண்டன் சந்தைக்காக. அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் தமிழ்நாட்டு நகரங்களில், ஆங்கிலம் கற்ற உத்தியோகஸ்தர் இல்லங்களில், காப்பி மெல்ல நுழைந்தது. நுழைந்ததும் வசவுதான் வரவேற்றது. உடலைக் கெடுக்கும், பெண்களைச் சோம்பேறிகளாக்கும், குடும்பத்தைக் கடனாளியாக்கும் என்று அக்காலத்துப் பெரியோரும் பத்திரிகைகளும் கண்டித்தனர். நீராகாரம் குடித்த பாட்டனாரின் வலிமை எங்கே, காப்பி குடிக்கும் பேரனின் நோஞ்சான் உடல் எங்கே என்பதே அவர்தம் வாதம். இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி தம் கட்டுரைத் தொகுதிக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றே பெயரிட்டார். அந்தத் தலைப்பைப் படித்ததும் நம் நண்பர் ஒருவர், "அப்படியானால் அந்தக் காலம் வேண்டாம்" என்றார். அவர் விடிவதற்குள் இரண்டு டம்ளர் காப்பி குடிப்பவர்.

நம் பாட்டிமார் எதிர்த்த காப்பியை நம் தாய்மார் சம்பிரதாயமாக்கிவிட்டனர். இரண்டே தலைமுறை! புதுப் பாலில் தண்ணீர் கலவாமை, கொட்டையை அன்றன்று வறுத்து அரைத்தல், பித்தளை வடிகட்டியில் முதல் டிகாக்ஷன் இறங்கும்வரை காத்திருத்தல், டபராவில் ஆற்றி நுரை எழுப்புதல் என்று அதற்கு ஒரு பூஜை முறையே அமைந்தது. 'டிகிரி காப்பி' என்ற பெயர் பாலின் தரத்தை அளக்கும் கருவியிலிருந்து வந்தது என்பர் சிலர். வேறு விளக்கம் சொல்வாரும் உண்டு. பெயர் எப்படி வந்தாலும், அது சுட்டியது ஓர் அந்தஸ்தை.

அந்தஸ்து என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினோம். காப்பி வீட்டைவிட்டு வெளியே வந்தபோது, அதைக் குடிக்கும் இடம் யாவருக்கும் பொதுவாக இருக்கவில்லை. 'காப்பி கிளப்' என்று வழங்கிய உணவுச்சாலைகளில் பிராமணருக்குத் தனியிடம் இருந்தது. ரெயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் இருந்த அந்தப் பிரிவினை, பெரியார் நடத்திய கிளர்ச்சியின் பின் 1941-இல் நீங்கியது. உணவுச்சாலைப் பெயர்ப்பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கும் போராட்டம் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1957-இல் நடைபெற்றது. கிராமத்துத் தேநீர்க்கடையும் இதற்கு விலக்கன்று. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை வைத்து, அவர்களே அதைக் கழுவிவைக்கச் செய்த 'இரட்டைக் குவளை' முறை இந்த நூற்றாண்டிலும் சில ஊர்களில் கண்டறியப்பட்டது. வடநாட்டு ரெயில் நிலையங்களிலோ 'இந்து தேநீர்', 'முஸ்லிம் தேநீர்' என்று தனித்தனியே கூவி விற்ற காலமும் இருந்தது. நாவின் விருப்பம் என்று நாம் சொல்லிக்கொள்வதற்குள் இவ்வளவும் கரைந்து கிடக்கின்றன.

இனித் தேநீரின் கதை. அசாமில் சிங்போ மக்கள் வழங்கிவந்த தேயிலைச் செடியை ராபர்ட் புரூஸ் என்பவர் 1823-இல் அறிந்தார். அசாம் தேயிலை 1839 ஜனவரியில் லண்டனில் ஏலம் போயிற்று. அதன்பின் பல்லாண்டுகள் இந்தியர் தேயிலையைப் பறித்தனரேயன்றிப் பருகினரல்லர். பருகவைக்க வேண்டும் என்ற கவலை தோட்டக்காரர்களுக்கு வந்தபோது, 1903-ஆம் ஆண்டில் ஏற்றுமதித் தேயிலைமீது ஒரு தீர்வை விதிக்கும் சட்டம் பிறந்தது. அந்தப் பணத்தில் பிரசாரம் நடந்தது. பிரசாரகர்கள் வீடுவீடாகச் சென்று தேநீர் போடும் முறையைச் செய்துகாட்டி, ஒரு கோப்பை இலவசமாகவும் தந்தனர். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி ஆலைகளிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் தேநீர்க்கடைகள் அமைக்கப்பட்டன. தொழிலாளிக்குச் சோர்வு நீங்கும். முதலாளிக்கு வேலை நடக்கும். தோட்டக்காரருக்குச் சரக்கு விற்கும்! ரெயில் நிலையங்களில் தேநீர் தயாரிக்கும் விதத்தை விளக்கும் பலகைகள் தொங்கின.

தேசியவாதிகளுக்கு இது பிடிக்கவில்லை. வங்கத்தின் விஞ்ஞானி ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய் தேநீர்ப் பழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். காந்தியடிகளோ தேநீர், காப்பி, கோக்கோ மூன்றுமே உடலுக்கு வேண்டாதவை என்று ஒருங்கே ஒதுக்கினார். தேசம் அவர்களை வணங்கியது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் சொல்லைக் கேட்கவில்லை.

பிரசாரகர்களின் சொல்லையும் அது முழுதும் கேட்கவில்லை என்பதுதான் சுவையான செய்தி. இலையை வெந்நீரில் இட்டு ஊறவைக்க வேண்டும் என்று அவர்கள் கற்பித்தனர். மக்களோ பாலும் சர்க்கரையும் இஞ்சியும் சேர்த்து ஒன்றாகக் கொதிக்கவைத்தனர். பாலும் மசாலையும் மிகுந்தால் தேயிலை குறையுமே என்று விற்பவர்க்கு அதில் வருத்தம். 1930-களின் தொடக்கத்தில் அசாமில் 'சி.டி.சி.' இயந்திரம் உருவாயிற்று. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கும் அந்தப் பொறி நாடெங்கும் பரவிய பின்னரே, கொஞ்சத் தூளில் கடுஞ்சாயம் இறங்கும் மலிவான தேநீர் ஏழையின் கைக்கு எட்டியது. ஆக, வடநாட்டாரின் 'பரம்பரைச் சாய்' நம் 'பரம்பரைக் காப்பி'யைக் காட்டிலும் வயதில் இளையதாகவே தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பிலே காலம் கழிக்கும் நமக்கு இவ்விடத்தில் சொல் ஆராய்ச்சி செய்யாமல் இருக்க முடியவில்லை. சீனத்தின் ஒரு பகுதியில் இந்த இலைக்குச் 'சா' என்று பெயர். தென்கிழக்குக் கடற்கரையில், ஹொக்கியன் வழக்கில், 'தே' என்று பெயர். தரைவழியே பாரசீகம் சென்று வந்த சொல் இந்தியில் 'சாய்' ஆயிற்று. கடல்வழியே வந்த சொல்லைத் தமிழர் பற்றிக்கொண்டு, இலையைச் சேர்த்துத் 'தேயிலை' என்றும், நீரைச் சேர்த்துத் 'தேநீர்' என்றும் ஆக்கிக்கொண்டனர். பக்கத்து மலையாளத்தார்க்கு அது 'சாய'. காப்பியைக் குறிக்கும் அரபுச் சொல் 'கஹ்வா'; காஷ்மீரத்தில் 'கஹ்வா' கேட்டாலோ ஏலமும் பட்டையும் இட்ட தேநீர் வரும். எந்தப் பானம் எவருடையது என்று சொற்களைக் கொண்டு வழக்காட முற்பட்டால் தீர்ப்புக் கிடைப்பது அரிது.

தேயிலைக்கு நடந்தது காப்பிக்கும் நடந்தது. 1935-இல் காப்பித் தீர்வைச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் பம்பாயில் முதல் 'இந்தியா காப்பி ஹவுஸ்' திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும், விளைந்ததை உள்நாட்டிலேயே விற்றாக வேண்டிய நிலை ஏற்பட்டது. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காப்பி வாரியம் அமைந்தது. தென்னாட்டுப் பானத்தை வடநாட்டார்க்கு அறிமுகம் செய்ய வெள்ளைச் சீருடையும் தலைப்பாகையும் அணிந்த பணியாளர்களுடன் நகரந்தோறும் காப்பி விடுதிகள் எழுந்தன. கல்கத்தாவின் கல்லூரித் தெருவில் ஆல்பர்ட் மண்டபத்தில் அமைந்த விடுதி வங்க எழுத்தாளர்களின் இரண்டாம் வீடாயிற்று. 1950-களில் வாரியம் இவ்விடுதிகளை மூட முற்பட்டது. வேலை இழக்கவிருந்த பணியாளர்கள், ஏ. கே. கோபாலனின் முயற்சியால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் தாமே நடத்தலாயினர். டில்லி கன்னாட் பிளேசில் இருந்த காப்பி விடுதி அரசியல் பேச்சுக்குப் பேர்போனது. நெருக்கடிநிலைக் காலத்தில் அது இடிக்கப்பட்டது. பின்னர் அக்கூட்டம் மோகன் சிங் பிளேசின் மாடிக்கு ஏறியது. சாந்தினி சவுக்கில் ஓய்ந்த காப்பிப் பேச்சு இருநூறு ஆண்டுகள் கழித்து, ஒரு கூப்பிடு தூரத்தில், இந்தியிலும் ஆங்கிலத்திலும் மீண்டும் தொடங்கியது என்று வைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

ஊருக்குச் செல்லும் நாம் திரும்பும்போது பெட்டியில் காப்பித்தூள் கொண்டுவருகிறோம். அதைத் திறந்ததும் 'ஊர் வாசனை' என்று உருகுகிறோம். அந்த வாசனையிலும் கடுப்பிலும் ஒரு பங்கு சிக்கரியினுடையது. கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது சட்டம். மீதியெல்லாம் சிக்கரியாக இருக்கலாம். அந்தக் கிழங்கு பெரும்பாலும் விளைவது குஜராத்தின் ஜாம்நகர்ப் பக்கத்திலும், உத்தரப் பிரதேசத்து ஏட்டா மாவட்டத்திலும். வடக்கே விளைந்து, தெற்கே சென்று கலந்து, நம் பெட்டியில் ஏறி மீண்டும் வடக்கே வருகிறது.

இதைவிடப் பெரிய வியப்பு ஒன்று உண்டு. தமிழ்நாடு ஆண்டொன்றுக்கு விளைவிக்கும் காப்பி ஏறத்தாழ 2 கோடி கிலோவுக்குள் அடங்கும். தேயிலையோ 16 கோடி கிலோ அளவில் விளைகிறது. அசாமுக்கும் மேற்கு வங்கத்துக்கும் அடுத்த தேயிலை மாநிலம் அதுவே. அதைப் பறித்த கைகள் எவருடையவை?

இலங்கையின் மலைநாட்டில் முதலில் இருந்தது காப்பிதான். அதற்கு ஆள் வேண்டித் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மக்களைத் திரட்டிச் சென்றனர். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களுள் வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்தவர் பலர். 1869-இல் காப்பி இலையில் துரு நோய் தோன்றிற்று. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. அவ்விடத்தில் தேயிலை ஏறியது. பயிர் மாறியது, பறிப்பவர் மாறவில்லை. ஆனைமலையிலும் மூணாற்றிலும் அதே கதை. வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல், அம்மக்களின் துயரை 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலாக 1969-இல் வெளியிட்டார், இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். அசாம் தோட்டங்களைப் பற்றி முல்க் ராஜ் ஆனந்த் 1937-இலேயே எழுதிவிட்டார். அவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தால், தெற்கென்றும் வடக்கென்றும் வேறுபாடு தெரிவதில்லை.

விடுதலை பெற்ற இலங்கை 1948-இல் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. எவரிடமும் 'என்ன விரும்புகிறீர்கள்' என்று கேட்டு அமைந்த ஒப்பந்தம் அன்று அது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்திறங்கியவர்களுள் ஒரு பகுதியினருக்கு வேலை தருவதற்காகவே, 1968-இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கூடலூரிலும் அவை உண்டு. மூணாற்றிலோ, 2015 செப்டம்பரில், கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து, 20 விழுக்காடு போனஸ் கேட்டு ஒன்பது நாள் உறுதியாய் நின்றனர்.

தோட்டத்துக் கொழுந்தில் உயர்ந்த தரம் கப்பலேறியது. சல்லடைக்கு அடியில் வீழ்ந்த தூளே பறித்தவர் வீட்டு அடுப்புக்கு வந்தது. பால் வாங்க வசதியில்லை. ஆகவே வெறும் சாயம், கடித்துக்கொள்ளச் சிறிது சர்க்கரை அல்லது வெல்லம். இலங்கையில் அதற்குப் 'பிளேன்டீ' என்று பெயர். வறுமையில் பிறந்த அந்தப் பழக்கம் நாளடைவில் நாவுக்கு இனிதாகி, வசதி வந்த பின்னும் விடாது தொடர்கிறது. அன்று நம் வீட்டில் அந்த இளைஞர் கேட்டது அதைத்தான். தஞ்சாவூர்க்காரர் டிகாக்ஷனைக் கேட்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? இரண்டும் பாட்டி கையால் பெற்றவையே. ஒன்றைத் 'தமிழர் பண்பாடு' என்றோம். மற்றொன்றைக் கண்டு 'தமிழர்தானே?' என்று வினவினோம்.

அடுத்த முறை விடுமுறைக்குச் சென்று திரும்பியவர், மறக்காமல் நம் இல்லத்திற்கு வந்தார். கையில் கூடலூர்த் தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் இருந்தது. பெரியவரும் அன்று இருந்தார். இம்முறை அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். "கொதிக்கக் கூடாது ஐயா, வெந்நீரை ஊற்றி மூடிவைத்தால் போதும்" என்றார் இளைஞர். பெரியவர் ஒரு வாய் பருகி, முகத்தைச் சுளித்து, சிறிது வெல்லம் கேட்டு வாங்கிக்கொண்டு, கோப்பையைக் காலி செய்தார். பொட்டலம் இப்போது சமையலறையில் காப்பி டப்பாவுக்கு அருகில் இருக்கிறது. டில்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அந்தத் தூளையே எடுத்து, பாலூற்றி, இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துவிடுகிறார்கள். கூடலூர்க்காரருக்கு அதில் சற்று வருத்தந்தான்.